சுரஞ்சன்தாஸ் சாலை

பெங்களூரில் பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து ஹெச்.ஏ.எல். பக்கம் போகிறவர்களுக்கு அது நெரிசலின் பெயர். "சுரஞ்சன்தாஸ் ரோட்ல மாட்டிக்கிட்டேன்" என்று போனில் சொல்வார்கள். ஒலியை மிஞ்சப் பறக்க வேண்டிய போர்விமானத்தை முதன்முதலில் வானில் ஏற்றியவரின் பெயர் அது என்று நினைக்கும்போது எனக்கு மனசு வலிக்கும்.

தொண்ணூறுகளில் வேலைக்கு வந்து திப்பசந்திராவில் குடியிருந்தேன். வீட்டுக்காரர் ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற வட ஆற்காட்டுக்காரர். வாடகை வாங்க வந்தால் அந்தப் போர்விமானமான மாருத்தைப் பற்றிப் பேசாமல் போகமாட்டார். "பாடி நம்மளுது தம்பி, எஞ்சின்தான் நம்மளுது இல்ல" என்பார்.

அவர் சொன்னதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190-ஐ வடிவமைத்த குர்ட் டாங்க், 1956-ல் பெங்களூர் வந்து மாருத்தை வரைந்தார். எஞ்சினே இல்லாத முழு அளவு மர விமானத்தைச் செய்து, 1959-ல் டகோட்டாவால் இழுத்து மேலே கொண்டுபோய்ப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 1961 ஜூன் 17 அன்று நிஜ மாருத்தில் ஏறியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். அப்பா எஸ்.ஆர். தாஸ் இந்தியாவின் தலைமை நீதிபதியாக இருந்தவர். மகன் தேர்ந்தெடுத்ததோ, அதுவரை யாரும் ஓட்டிப் பார்க்காத விமானத்தில் தனியாக உட்காரும் தொழில்.

நினைத்திருந்த எஞ்சின் கிடைக்கவில்லை. பிரிட்டன் அதைக் கைவிட்டது. செலவை ஏற்க நாமும் முன்வரவில்லை. அதைவிடச் சக்தி குறைந்த ஆர்ஃபியஸ் எஞ்சின்கள் இரண்டைப் பொருத்தினார்கள். ஒலியைப்போல் இருமடங்கு வேகத்துக்கு வரையப்பட்ட உடல், ஒலியின் வேகத்தை எட்டவே திணறியது. ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் நிற்கும் மாருத்தைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். வேகத்துக்காகவே இடுப்பு சிறுத்த உடல். பின்னால் ஒட்டினாற்போல இரண்டு புகைவாய்கள். அந்த உடலுக்கு இழைத்தது அநியாயம்தான்.

அந்தக் குறையைத் தீர்க்க, பெங்களூரின் வாயுச் சுழலி ஆராய்ச்சி நிறுவனம் ஆர்ஃபியஸுக்கு மறுஎரிப்பு அமைப்பைச் சேர்த்தது. பின்குழாயில் இன்னொருமுறை எரிபொருளைக் கொளுத்திக் கூடுதல் உந்துவிசை பெறும் ஏற்பாடு. அப்படி மாற்றிய மாருத்தைச் சோதிக்கும்போதுதான், 1970 ஜனவரி 10 அன்று, குரூப் கேப்டன் தாஸ் பெங்களூரிலேயே விழுந்து இறந்தார். மறு ஆண்டு பாகிஸ்தானுடன் நடந்த போரில் லோங்கேவாலாவில் மாருத்கள் போரிட்டன. அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்று நம் போர்விமானமான தேஜஸ் சோதனைக்குப் போனால், அது வானில் இருக்கும்போதே அதன் ஒவ்வொரு துடிப்பும் தரையிலுள்ள திரைகளுக்கு வந்துவிடுகிறது. ஒரு குழுவே விமானியோடு சேர்ந்து பறக்கிறது என்று சொல்லலாம். இது பெரிய மாற்றம், மனமாரப் பாராட்ட வேண்டியது. எஞ்சின் விஷயத்தில் மட்டும் என் வீட்டுக்காரர் சொன்ன இடத்திலேயே நிற்கிறோம். அந்த ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதே சுரஞ்சன்தாஸ் சாலையில்தான். தேஜசுக்காக அங்கே உருவான காவேரி எஞ்சினுக்கு உந்துவிசை போதவில்லை. 2008-ல் தேஜசிலிருந்து அதைப் பிரித்துவிட்டார்கள். திறமை இல்லாமல் அல்ல. எஞ்சினுக்குத் தேவையான பணத்தையும் பொறுமையையும் நாம் தொடர்ந்து தரவில்லை என்பதே என் கருத்து.

2021-ல் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு விமானப்படைக்காக ஒப்பந்தம் போட்டார்கள். எஞ்சின் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். முதல் எஞ்சின் வந்தது 2025 மார்ச்சில்.