ஓவனில் ஒரு கோழி வேகிறது

நம் வீட்டு ஓவன் வருஷம் முழுக்க முறுக்கு டப்பாவுக்கு அலமாரி. கிறிஸ்துமஸுக்கு மட்டும் டப்பா வெளியேறி முழுக்கோழி குடியேறும். அதற்கான தட்டைக் கடைக்காரர்தான் தேர்ந்தெடுப்பார்: "ஆழமா எடுங்க சார், குழம்பும் வைக்கலாம்!" குழம்புதான் வரும். சுவர் உயர்ந்தால் சூடான காற்று பக்கவாட்டில் படாது. கோழி தன் நீரிலேயே வேகும். 5 முதல் 7 செ.மீ. உயரமும் கனமான அடியும் போதும்.

கோழியைச் சுற்றி வைக்கும் காய்கறிக்கு இடம்தான் மசாலா. உருளைக்கிழங்கையும் கேரட்டையும் தீபாவளிப் பேருந்துபோல் அடைத்தால் ஆவியிலேயே வெந்துவிடும். ஈரம் வற்றி மேல்புறம் 140 டிகிரியைத் தாண்டினால்தான் நன்றாகச் சிவக்கும். வெளுத்த கோழியைப் பார்த்த விருந்தாளி, "எண்ணெயே இல்லாம ஹெல்தியா இருக்கே!" என்பார். நாமும் ஆமாம் என்போம்.

தட்டு ஓவனைவிட அரை அங்குலம் பெரிது என்பதோ, எப்போதும் மசாலா தடவி முடித்த பிறகே தெரியவரும்.