பெருங்களத்தூர்ப் பொம்மைக் கார்களில் முன்விளக்குச் சிக்கல்: முன்னுரைக்கு ஒரு முன்னுரை

தாம்பரம் வட்டாரத்தில் உலோகப் பொம்மைக் கார் சேர்ப்போரை ஆய்வுலகம் இன்றுவரை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

இவர்கள் இரு குலத்தார்: அட்டையைக் கிழிப்போர், கிழிக்காதோர். கிழிப்போர் விளையாடுகிறார்கள், எனவே ஆய்வுக்கு உரியவர் அல்லர். கிழிக்காதோர், குரோம்பேட்டை சூப்பர் மார்க்கெட்டில் ஹாட் வீல்ஸ் தொங்கும் கொக்கிகளைக் கடைசி அட்டை வரை துழாவி, அந்நிறுவனம் 1995 முதல் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிடும் 'டிரெஷர் ஹன்ட்' காரைத் தேடுவோர். பின்னால் பருப்பும் எண்ணெயுமாகத் தள்ளுவண்டியோடு நிற்கும் மனைவியர் தனி உட்பிரிவு. அவர்களைப் பிற்பாடு பார்ப்போம். (பார்க்க மாட்டோம்.)

நம் பொருள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை 1961 முதல் இங்கே அந்தப் பெயரில் கொண்டுவந்தது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். பெருங்களத்தூர்ப் பக்கம் ஆலை வைத்திருந்த அதே நிறுவனம். அலுவலகத்துக்குப் போன கார்தான் கொஞ்சம் கைவேலைக்குப் பின் சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயமும் ஓடியது. 1960களின் இறுதியில் பிரிட்டனின் டிங்கி டாய்ஸ் தன் பழைய வார்ப்பு அச்சுகள் சிலவற்றை இந்தியாவுக்கு விற்றது. கல்கத்தாவில் அவற்றிலிருந்து 'நிக்கி டாய்ஸ்' பிறந்தது. அவ்வரிசையில் ஒன்று 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு'.

அதை உள்ளங்கையில் வைத்து முகத்தைப் பாருங்கள். பக்கத்துக்கு இரண்டாகச் சாய்ந்த நான்கு முன்விளக்குகள். 1961-இல் வந்த ஹெரால்டுக்கோ இரண்டே. காரணம், டிங்கியின் அச்சு ஹெரால்டே அல்ல. அதன் ஆறு சிலிண்டர் உடன்பிறப்பான விட்டெஸ். இருந்த அச்சில் வார்த்து, தெரிந்த பெயரைச் சூட்டிவிட்டார்கள். இவ்விளக்கம் ஒரே வரியில் முடிந்துவிடுவதால் முனைவர் பட்டத்துக்கு உதவாது.

ஆகவே பிற கொள்கைகளுக்குச் செல்வோம். ஜி.எஸ்.டி. சாலை அக்காலத்தில் இருண்டு கிடந்ததால் இரண்டு விளக்கு போதவில்லை என்பது ஒரு தரப்பு (எதிர்வீட்டுத் தாத்தா, வாய்மொழி, மாடிப்படி). சாலைக்கும் பொம்மைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பது மறுதரப்பு (டீக்கடை பெஞ்சு, மூன்றாம் பதிப்பு, அதாவது மூன்றாவது டீ). இவ்விரண்டையும் இணைக்கும் அரிய சான்று ஒன்றும் உண்டு (மேற்படி தாத்தா தம் தம்பியிடம் சொன்னதைத் தம்பி மறுத்ததாக மருமகள் சமையலறை ஜன்னல் வழியே கேட்டது, இடையில் மிக்ஸி ஓடியதால் இரண்டு வரிகள் சிதைவு). சிதைந்த வரிகளில்தான் உண்மை இருக்கிறது என்பது என் துணிபு. படிக்க முடிகிற வரியை நம்பி இத்துறையில் யார் பெரிய ஆளானார்?

மூன்றாவது கொள்கை என்னுடையது. பொம்மையே மூலம், கார் அதன் வழிநூல். நான்கு விளக்குகளில் இரண்டு ஏடு பெயர்த்தெழுதியோரால் விடுபட்டன. பொம்மை காருக்குப் பிந்தியது என்று தேதியைக் காட்டி வாதிப்போர் உள்ளனர். தேதி இருக்கும்போதே ஐந்நூறு ஆண்டு முன்னே தள்ளத் தெரியாதவர் எப்படி ஆய்வாளர் ஆனார் என்பது எனக்கு விளங்கவில்லை. அவர்கள் பெயரை இங்கே குறிக்கவில்லை. இருவரும் நேர்முகத் தேர்வுக் குழுவில் இருக்கிறார்கள்.

நிக்கி வரிசையில் பெருங்களத்தூர் உறவு இன்னொன்றும் உண்டு: ஸ்டாண்டர்டு 20 வேன். டிங்கியின் அட்லஸ் வேன் அச்சில் வார்த்தது. அசல் வேனும் அதே அட்லஸ் வழியில் வந்ததுதான். பொம்மையும் வண்டியும் இப்படி ஒத்துப்போய்விட்டதால் இதற்கு நிதி கேட்க வழியில்லை.