பாடாத நாயகன்

கேள்வி: பழைய தமிழ்ப் படங்களில் நாயகர்கள் பேசவேண்டிய இடத்திலும் பாடியது மட்டக்களப்பு வாவிக்கரை மக்களுக்கு விந்தையாகத் தோன்றியிருக்குமா?

பதில்: களரி எனப்படும் வட்டமான ஆடுகளத்துக்குள் நுழையும் அரசன், தான் இன்னார் என்பதைக்கூட வரவுப் பாட்டாலேயே அறிவிக்கும் வடமோடி, தென்மோடிக் கூத்துகளை, அண்ணாவியார் எனும் ஆசானின் மத்தளத்துக்கும் சல்லரிக்கும் இசைய விடியவிடியக் கண்டு பழகியவர்களுக்குப் பாடாத நாயகனே விந்தையாகத் தோன்றியிருப்பான். பின்னணிப் பாடகர் வழக்கம் வேரூன்றாத 1930களில் நடிகரே பாடவேண்டியிருந்ததால், குரலையே முகமாகக் கொண்ட எம். கே. தியாகராஜ பாகவதரும், ‘நந்தனார்’ (1935) படத்தில் ஆண் வேடமேற்ற கே. பி. சுந்தராம்பாளும் கூத்தரின் நெருங்கிய உறவினராகவே கருதத்தக்கவர்கள். பாகவதரின் ‘ஹரிதாஸ்’ (1944) சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்றால், அவற்றுள் இரண்டேனும் அக்குரலுக்கே உரியவை.