அருந்ததி அகப்படாத ஆல்பம்

காஞ்சிபுரத்துக் கல்யாண ஆல்பம் எதையும் விட்டுவைப்பதில்லை. கூறைப்புடவையின் முந்தானையில் எத்தனை மயில் என்று எண்ணிவிடலாம். சாம்பார் வாளியோடு பந்தியில் ஓடுகிறவர்கூட இரண்டு பக்கங்களில் தலைகாட்டிவிடுவார். அகப்படாதது ஒன்றே ஒன்று. அம்மி மிதித்து முடிந்ததும் சாஸ்திரிகள் விரலை நீட்டி “அதோ அருந்ததி” என்கிறார். மணமக்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள், தெரிகிறது என்று பெண் தலையும் ஆட்டுகிறாள். கேமரா மூவரையும் எடுக்கிறது, அருந்ததியை எடுப்பதில்லை. கேட்டால், “அதுக்கெல்லாம் பெரிய டெலஸ்கோப் வேணும் சார்” என்பார்கள். அது தவறு என்பதே என் கட்சி. கல்யாணத்துக்கு வந்த அதே கேமராவும், அதோடு பெட்டியில் கிடந்து வந்த 18-55 லென்ஸும் போதும். குறை கேமராவிடம் இல்லை. நாம் அதைப் பழக்கிவைத்திருக்கும் கல்யாணப் பழக்கத்தில் இருக்கிறது.

கேமராக்காரருக்கும் ஒரு நியாயம் செய்துவிடுவோம். முகூர்த்த வேளையில் அவர் என்ன பாடுபட்டாலும் அருந்ததி விழாது. பகல் வெளிச்சம் மட்டும்தான் தடை என்று நினைப்போம். வைகாசியில் சங்கதி அதைவிட மோசம். காலை ஒன்பது, பத்து மணி முகூர்த்தத்தில் அந்த நட்சத்திரம் வானத்திலேயே இல்லை. வடக்கு அடிவானத்துக்குக் கீழே இருபது டிகிரியில் இருக்கிறது. சாஸ்திரிகள் சரியாகச் சுட்ட வேண்டுமானால் விரலைத் தரைக்குத் திருப்பி, கீழ்த்தளத்து டைனிங் ஹாலையும் தாண்டிக் காட்ட வேண்டும். தை மாதக் கல்யாணங்கள் தேவலை: அப்போது அது வடமேற்கில் இருக்கத்தான் இருக்கிறது, சூரியன்தான் மறைக்கிறது. வைகாசியில் அது வடக்கே உச்சத்துக்கு வரும் நேரம் இரவு எட்டிலிருந்து பத்துக்குள். அதாவது முந்தைய நாள் ரிசப்ஷன் முடிந்து, கேமராக்காரர் பையைக் கட்டிக்கொண்டு சாப்பிடப் போகும் நேரம்.

அந்தப் பையில் இருப்பது போதுமா என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சப்தரிஷிகளில் கடைசிக்கு முந்தியவர் வசிஷ்டர்; அவரை ஒட்டி மங்கலாக இருப்பவள் அருந்ததி. இருவருக்கும் இடையே வானத்தில் ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி. 24 மெகாபிக்சல் கேமராவில், லென்ஸ் 18 மில்லிமீட்டரில் இருந்தால் அது சுமார் 16 பிக்சல். 55-க்குத் திருகினால் கிட்டத்தட்ட 50. தம்பதியைத் தனித்தனியாகக் காட்ட இது தாராளம். 1857-இல் இதே ஜோடியைப் படம் எடுக்க, ஹார்வர்டு வானாய்வகத்தில் 15 அங்குல விட்டமுள்ள தொலைநோக்கியும் ஈரம் காயாத கண்ணாடித் தகடும் தேவைப்பட்டன. அன்றைக்கு அது விஞ்ஞானச் செய்தி. இன்று மொட்டை மாடியில் பத்து வினாடி வேலை. நம் கண்ணோ ஒரு வினாடியில் ஒரு துண்டு நேரத்துக்கு மேல் வெளிச்சத்தைச் சேர்த்துவைக்காது. கேமரா பத்து வினாடி வாயைத் திறந்துவைத்துக்கொண்டு சேர்க்கும். தெருவிளக்கில் கண்ணுக்குத் தெரியாத அருந்ததி அதற்குத் தெரிவது அதனால்தான்.

கெடுப்பது எது என்றால், முதல் குற்றவாளி பிளாஷ். ஆட்டோவில் விட்டால் கேமரா இருட்டைக் கண்டதும் பளிச்சென்று ஒரு வெட்டு வெட்டும். அந்த வெளிச்சம் அருந்ததியைத் தொட எண்பது ஆண்டுகளுக்கு மேலாகும். பட்டுத் திரும்ப இன்னும் எண்பது. அதற்குள் மணமக்களின் சதாபிஷேகப் புகைப்படமே மங்கிப்போயிருக்கும். அடுத்த குற்றவாளி கை. பத்து வினாடி அசையாத கை எந்தப் புகைப்படக்காரருக்கும் கிடையாது. ட்ரைபாட் இல்லாவிட்டால் கைப்பிடிச் சுவரில் ஓர் அரிசிப் பை போதும். ஷட்டரை அமுக்கும் விரல்கூட ஆட்டிவிடும் என்பதால் இரண்டு வினாடி டைமர் வைக்க வேண்டும். ஃபோகஸை நாமே திருக வேண்டும்: பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது புள்ளியாகச் சுருங்கும்வரை. ஷட்டருக்கும் வரம்பு உண்டு. 500-ஐ லென்ஸ் நீளத்தாலும், சிறிய சென்சார் என்பதால் ஒன்றரையாலும் வகுத்தால் 18 மில்லிமீட்டருக்கு 18 வினாடி. அதற்கு மேல் பூமி சுழல்வது படத்தில் கோடாகத் தெரிந்துவிடும். நீண்ட நேரப் படம் ஒன்றை எடுத்ததும் சில கேமராக்கள் அதே அளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்று எடுத்து, தம் சொந்தக் கோளாறுகளை முதல் படத்திலிருந்து கழித்துக்கொள்ளும். மனிதர்களில் இந்த வழக்கத்தை அதிகம் பார்க்க முடிவதில்லை. அப்படியும் படம் பொரிப்பொரியாக இருந்தால் பதினாறு படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பொரி நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஒரே ஊடையில் சேலை முடியாது என்று பிள்ளையார்பாளையத்து நெசவாளர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“இவ்வளவு எதற்கு, என் போன் நிலாவையே குழி குழியாக எடுக்கிறதே” என்று ஒருவர் எழுந்திருப்பார். சாதாரண அகலக் கோணத்தில் நிலா படத்தின் அகலத்தில் நூற்றைம்பதில் ஒரு பங்குதான். குழிக்கு அங்கே இடமே இல்லை. 2023 மார்ச்சில் ஒருவர், வேண்டுமென்றே கலங்கடித்த நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்து, அறையின் இருட்டிலிருந்து சாம்சங் போனால் எடுத்தார். திரையில் இல்லாத குழிகள் போனில் வந்துவிட்டன. நிலாவை அடையாளம் கண்டு செயற்கை நுண்ணறிவு நுணுக்கங்களை மேம்படுத்துகிறது என்று நிறுவனம் விளக்கம் தந்தது. ஜரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கும் ஊரில் இந்த விளக்கம் விலைபோகாது. மங்கலாக இருந்தாலும் நம் புள்ளி அசல் புள்ளி.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: காஞ்சிபுரத்தில் வானம் எங்கே இருக்கிறது? கிழக்கே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை விளக்குகள், அதற்கப்பால் சென்னையின் வெளிச்சம், தலைக்கு மேல் எல்இடி. உண்மைதான். பால்வெளி வேண்டுமானால் ஜவ்வாது மலைக்குப் போக வேண்டும், 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்குள்ள காவலூரில் உட்கார்ந்திருப்பதும் இருட்டுக்காகத்தான். ஆனால் ஊர் வெளிச்சம் விழுங்குவது மங்கலான நட்சத்திரங்களைத்தான், பிரகாசமானவை தப்பித்துவிடும். அவற்றை வைத்தே, காவலூரால் எடுக்க முடியாத படம் ஒன்றை எடுக்கலாம். துருவ நட்சத்திரம் ஓர் ஊரின் வானத்தில் நிற்கும் உயரம் அந்த ஊரின் அட்சரேகை. காஞ்சியில் ஏறக்குறைய 13 டிகிரி, லண்டனில் 51. ஏகாம்பரேசுவரர் கோயிலின் தெற்கு ராஜகோபுரம், 1509-இல் கிருஷ்ணதேவராயர் கட்டியது, சுமார் 59 மீட்டர். அதற்கு நேர் தெற்கே ஏறத்தாழ 250 மீட்டர் தள்ளி நின்றால் துருவம் கலசத்தின்மேல் வந்து உட்காரும். முப்பது வினாடிக்கு ஒன்றாக ஒரு மணி நேரம் 120 படம் எடுத்து அடுக்கினால், மற்ற நட்சத்திரங்கள் துருவத்தைச் சுற்றி வளைந்து, கோபுரத்துக்குத் திருவாசி கட்டியதுபோல் நிற்கும். அடிவானத்துப் புகையும் குறுக்கே போகும் மின்கம்பியும் நாம் தந்த காணிக்கை. லண்டன்காரர் 59 மீட்டர் கோபுரத்தை வைத்து இதை எடுக்க வேண்டுமானால், அதன் அடியிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் நின்று கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, சடங்கு என்பது நம்பிக்கை, அதில் பிக்சல் எண்ணலாமா என்பார்கள். எண்ண வேண்டாம். அருந்ததி தரைக்குக் கீழே இருந்தாலும் கல்யாணம் செல்லும்; சாஸ்திரிகளின் விரலில் நான் கைவைக்கவில்லை. கேட்பது ஆல்பத்தில் ஒரு பக்கம்தான். முகூர்த்தத்தன்று இரவு மணமக்களை மொட்டை மாடிக்குக் கூப்பிடுவது புத்திசாலித்தனம் அல்ல. ஆகவே முந்தைய இரவே நல்லது. கேமராக்கார அண்ணே, வைகாசி ரிசப்ஷன் முடிந்ததும் சாப்பிடப் போகுமுன் ஐந்து நிமிடம் மேலே வாருங்கள். வடக்கே திருப்பி, 18-இல் வைத்து, ஐஎஸ்ஓ 1600, பத்து வினாடி. கொசுவர்த்தி கொண்டுவாருங்கள். பிளாஷை மட்டும் கீழேயே விட்டுவிடுங்கள்.