தேருக்கே முட்டுக்கட்டை உண்டு வாத்தியாரே

வாங்க வாத்தியாரே, ஒக்காருங்க. பள்ளிக்கூடத்துச் செவுத்துல ஒங்க கால அட்டவணையப் பார்த்தேன். செவப்புல கோடு, பச்சையில கட்டம். இன்னா அழகு! ஒரே கொற, அதுல புள்ளைங்களத்தான் காணோம்.

கணக்க இன்னாத்துக்கு சத்துணவு முடிஞ்ச கையோட வச்சீங்க? சோறு தின்ன புள்ள கொட்டாவி உடுமா, வகுத்தல் போடுமா? புத்தி தெளிஞ்ச காலை நேரத்துல நீங்க போனத் தடவிக்கினு எமிஸ்ல வருகை ஏத்திக்கினு இருக்கீங்க.

சட்டம்னு சொல்லாதீங்க. பேத்தி படிச்சுக் காட்டிட்டா. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல அஞ்சாவது வரைக்கும் வருசத்துக்கு 200 நாள், 800 மணி நேரம். வகுத்துப் பாருங்க, காலையில. நாளுக்கு நாலு மணி நேரம் வரும். எந்தப் பாடம் எந்நேரம்னு அதுல ஒரு எழுத்து கெடையாது. 60 புள்ள வரைக்கும் ரெண்டு வாத்தியார்னும் அதுதான் சொல்லுது. அஞ்சு வகுப்பு, ரெண்டு பேரு, நாப்பது நிமிசத்துக்கு ஒரு மணி! மணியடிக்கவே ஒருத்தர் போயிடுவாரு.

நம்மூரு தீபத் திருவிழா ஏழாம் நாளு அஞ்சு தேரு ஓடுது. பெரிய தேரு மூலையில திரும்பறப்போ முட்டுக்கட்டை போடறவன் சக்கரத்தப் பார்ப்பானா, கடியாரத்தப் பார்ப்பானா? சண்டிகேஸ்வரர் தேர சின்னப் புள்ளைங்களே இழுக்குதுங்க. பீரியடு முடிஞ்சுதுன்னு யாராச்சும் கயித்தப் புடுங்கறாங்களா?

மூணாவது படிக்கற புள்ளையும் அரும்பு நெலையிலயே இருக்கலாம்னு 2022ல எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரசாங்கமே ஒத்துக்கிச்சு. அது அடுத்த நெலையான மொட்டாக நாப்பது நிமிசம் போதும்னு கோடு போட்டது நீங்கதான்.

அதுக்காக நேரத்தயே வெட்டிடாதீங்க. 1953ல ராஜாஜி பள்ளிக்கூடத்த மூணு மணி நேரமாக்கி, மீதிக்கு அப்பன் தொழிலப் பழகுன்னாரு. நாடே கொதிச்சுது. 1954ல காமராசர் வந்து அத எடுத்துட்டாரு.

தீபத்து லீவுக்குச் சனிக்கிழமை ஈடு கட்டத் தெரியுது இல்ல? திங்கக்கிழமை தமிழு நீண்டு போச்சுன்னா, வியாழக்கிழமை கணக்குக்கு அந்த நேரத்தத் திருப்பிக் குடுங்க. வாரம் முடிஞ்சா கணக்கு சரி.

நாளைக்கே கணக்கக் காலைக்கு மாத்துங்க. மேல இருக்கறவங்க கேட்டா என் பேரச் சொல்லுங்க. மிஞ்சிப் போனா ஜவ்வாது மலைக்கு மாத்துவாங்க. அங்க காத்து நல்லாவே இருக்கும்.