அருங்காட்சியகம் கட்டினால் ஊர் பிழைக்குமா?

கேள்வி: ஒரே ஒரு அருங்காட்சியகம் கட்டி ஸ்பெயினின் பில்பாவ் நகரம் தலைநிமிர்ந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

பதில்: கல்யாண வீட்டில் எல்லோர் கண்ணும் மாப்பிள்ளை மேல்தான்; அடுப்படியில் வெந்தவர்களை யார் பார்க்கிறார்கள்! 1997-இல் ஃபிராங்க் கெரியின் வடிவமைப்பில் டைட்டானியம் தகதகக்க வந்திறங்கிய கூகன்ஹைம் அருங்காட்சியகம்தான் அந்த மாப்பிள்ளை.

அதற்கு முந்தைய கதையைக் கேளுங்கள். இரும்பாலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் நொடித்து, 1983 வெள்ளம் பழைய நகரையே மூழ்கடித்து, இன்று சுமார் மூன்றரை லட்சம் பேர் வாழும் அந்த ஊர் அன்று திகைத்து நின்றது. சாக்கடையாய் ஓடிய நெர்வியோன் ஆற்றைப் பல ஆண்டுகள் விடாமல் சுத்தம் செய்தார்கள். நான் கையெடுத்துக் கும்பிடுவது அந்த வேலையைத்தான். நாற்றமடிக்கும் கரையில் டைட்டானியம் வைத்தால் யார் வந்து நிற்பார்கள்? துறைமுகம் கடல் பக்கம் நகர்ந்தது. ஆற்றங்கரை, மக்களுக்கான நடைபாதையானது. 1995-இல் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த மெட்ரோ ஓடியது. மூடிக்கிடந்த யூஸ்கல்டுனா கப்பல் தளத்தில் 1999-இல் மாநாட்டு மாளிகை எழுந்தது.

மாப்பிள்ளையை மட்டும் பார்த்து ஆசைப்பட்ட ஊர்களும் உண்டு. அதே ஸ்பெயினில் சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவில் பீட்டர் ஐசன்மன் வரைந்த ‘கலாச்சார நகரம்’ ஒரு குன்றின்மேல் எழத் தொடங்கியது. செலவு எகிறியது, 2013-இல் மிச்சக் கட்டடங்களைக் கைவிட்டார்கள்.