நிற்க ஆள் தேவை

தமிழ்நாட்டில் தொழில் நடத்தி நாலு காசு பார்க்க நினைப்பவர்கள் முதலில் நாற்காலி விஷயத்தில் தெளிவாக இருக்க வேண்டும். அது யாருக்கு உண்டு, யாருக்குக் கிடையாது என்பதில் குழப்பம் வந்தால் கம்பெனி கவிழ்ந்துவிடும். நம் ஊர் ஜவுளி அதிபர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். அவர்கள் சம்பளம் கொடுப்பதே நிற்பதற்குத்தான். புடவை விற்பதெல்லாம் உபதொழில்.

சந்தேகம் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தி.நகர் பக்கம் போய் ஏதாவது ஒரு அடுக்குமாடிக் கடைக்குள் ஏறிப் பாருங்கள். மூன்றாவது மாடி, பட்டுப் பிரிவு. கவுண்டருக்கு இந்தப் பக்கம் குஷன் வைத்த ஸ்டூல்கள் வரிசையாக. அந்தப் பக்கம் பத்தொன்பது இருபது வயசுப் பெண் ஒருத்தி. உடம்பின் பாரம் முழுவதையும் இடது காலில் இறக்கி, வலது காலைச் செருப்பிலிருந்து உருவி, அந்தப் பாதத்தால் இடது கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே, “அக்கா, இந்தக் கலர் உங்களுக்கு நல்லா எடுப்பா இருக்கும்” என்கிறாள். முகத்தில் சிரிப்பு. அதுவும் சம்பளத்தில் சேர்த்தி. அக்கா இருபது புடவையைப் பிரிக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்து, “பாத்துட்டு வரேம்மா” என்று எழுந்து போகிறாள். பெண் இருபதையும் கரை பிசகாமல் மடித்து அடுக்குகிறாள். அப்புறம் கூட்டம் இல்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், சும்மாவே நிற்கிறாள்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வாடிக்கையாளர் எதிரில் இருக்கும்போது நிற்பது வேலை. யாருமே இல்லாதபோதும் நிற்க வைப்பதுதான் நிர்வாகம்.

ரேக்கில் லேசாகச் சாய்ந்துவிட்டால் போதும், ஃப்ளோர் சூப்பர்வைசர் அண்ணன் வந்துவிடுவார். “என்னம்மா, வீட்டு ஞாபகமா? ஊருக்கு டிக்கெட் போட்டுரவா?” அவரும் காலையிலிருந்து நிற்கிறவர்தான். நிற்கிறவரை விட்டே நிற்கிறவளை விரட்டுவதற்கு வெளிநாட்டில் லட்சக்கணக்கில் பணம் கட்டி எம்.பி.ஏ. படிக்கிறார்கள். நம்மிடம் அது, தெற்கத்திப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து வந்து ஆறு வருஷம் நின்று பழகிய ஒருவருக்கு மாசம் இரண்டாயிரம் ரூபாய் கூட்டிக் கொடுத்தால் முடிகிற காரியம். அதற்கும் மேலே மூலையில் ஒரு கேமரா இருக்கிறது. திருடனைப் பிடிக்க வைத்ததாகச் சொல்வார்கள். எந்தத் திருடன் பட்டுப் பிரிவில் கால் வலிக்க நிற்கிறான்?

மூத்திரம் போவதற்கும் நிர்வாகவியலில் ஒரு பாடம் உண்டு. ஊழியர் கழிவறை உச்சி மாடியில் இருக்கும். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். போய் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு ஹாஸ்டலில் மூத்த பெண் முதல் ராத்திரியே சொல்லிக்கொடுக்கும் தொழில் ரகசியம் ஒன்று உண்டு: “காலைல தண்ணி கொஞ்சமா குடி. மத்தியானம் வரைக்கும் தாங்கும்.” எந்த மேனேஜ்மென்ட் புத்தகத்திலும் இல்லாத இந்த உற்பத்தித் திறன் சூத்திரத்தைக் கண்டுபிடித்தவர்களுக்குக் கிடைத்த பரிசு சிறுநீர்த் தொற்று. கூடவே முதுகுவலி, கெண்டைக்காலில் புடைத்துச் சுருண்டு நிற்கும் நரம்பு. வெரிகோஸ் வெயின் என்று டாக்டர் எழுதிக்கொடுப்பார்; காலை உயரத் தூக்கி வைத்து ஓய்வெடுக்கவும் சொல்வார். டாக்டர்களுக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது என்று யார் சொன்னது?

இப்படிச் சீராக ஓடிக்கொண்டிருந்த தொழிலில்தான் அரசாங்கம் குறுக்கே விழுந்தது. 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார். 1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு புதுப் பிரிவு. சாரம் இவ்வளவுதான்: கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கு இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். வேறு எந்த ஜீவராசியும் உட்காருவதற்கு அரசிதழ் அறிவிப்புக்குக் காத்திருந்ததாகத் தெரியவில்லை.

இது சர்க்காரின் மூளையில் தானாக முளைத்த யோசனையும் கிடையாது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண்ணும் அவர் தொடங்கிய ‘பெண்கூட்டு’ அமைப்பும் முதலில் கழிவறைக்காகவும் பிறகு உட்காருவதற்காகவும் வருஷக்கணக்கில் தெருவில் கிடந்து போராடினார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. மூன்று வருஷம் கழித்து நாம். சமூக நீதியில் இந்தியாவுக்கே வழிகாட்டி என்று தினம் மூன்று வேளை சொல்லிக்கொள்ளும் மாநிலம், ஒரு ஸ்டூலுக்குப் பக்கத்து மாநிலத்தைப் பார்த்துக் காப்பி அடிக்க வேண்டியிருந்தது.

இதில் இன்னொரு கூத்து. இங்கிலாந்தில், கடைகளில் வேலை செய்யும் பெண்கள் மூன்று பேருக்கு ஒரு இருக்கையாவது வைக்க வேண்டும் என்று 1899-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அப்போது நம்மையும் ஆண்டுகொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். ரயில், தபால், கிரிக்கெட் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றி அனுப்பியவர்கள் அந்த ஒரு ஸ்டூலை மட்டும் ஏற்றவில்லை. சுதந்திரம் வந்தது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கு இடையில் உட்கார வசதி வேண்டும் என்றது. ஜவுளிக் கடைதான் தொழிற்சாலை இல்லையே! அங்கே இயந்திரம் ஓடவில்லை. வெறும் பொம்பளைப் பிள்ளைகள்.

சரி, சட்டம் வந்துவிட்டது. இங்கேதான் திறமையான நிர்வாகி தன்னை நிரூபிக்கிறார். சட்டத்தில் ‘வாய்ப்புக் கிடைக்கும்போது’ என்று இருக்கிறதா, இல்லையா? வாய்ப்புக் கிடைத்ததா என்று முடிவு செய்வது யார்? சூப்பர்வைசர் அண்ணன். அவருக்குத் தெரிந்து அந்த மாடியில் இதுவரை வாய்ப்பே வந்ததில்லை. இன்ஸ்பெக்டர் கேட்டால் காட்டுவதற்குக் கவுண்டருக்கு அடியில் ஸ்டூல் இருக்கிறது. நான் பார்த்த ஒரு கடையில் அந்த ஸ்டூலின் மேல் பிளவுஸ் பிட் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். சரக்கு உட்காரத் தடையில்லை.

பழியை முழுக்க முதலாளி தலையில் கட்டிவிட்டு நாமும் நழுவ முடியாது. பெண் உட்கார்ந்துகொண்டே புடவை காட்டினால் “கஸ்டமர் வந்து நிக்கறோம், மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கு” என்று பில் போடும் இடம் வரைக்கும் போய்ப் புகார் சொல்கிறவர்கள் யார்? செவ்வாய் கிரகத்திலிருந்து வந்தவர்களா? ஆடித் தள்ளுபடிக்கு விடிகாலையிலேயே வாசலில் முண்டுகிற நாம்தான். நமக்கு எதிரில் ஒருத்தி நின்றால்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்பது நமக்கே உறைக்கிறது.

இனி உட்கார்ந்திருப்பவர்கள் பக்கம் வருவோம். அங்கே உழைப்பைப் பற்றிய ஞானம் ஆறாய் ஓடுகிறது. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் ஏலத்தில் ஏற்றிக் கேட்பதுபோல் 90 என்றார். ஞாயிற்றுக்கிழமையும் உங்களை வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று வேறு கேட்டார். மனைவிகள் திருப்பி என்ன கேட்பார்கள் என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. 2023-24-ல் அவருடைய வருமானம் 51 கோடி ரூபாய். அவருடைய நிறுவன ஊழியர்களின் இடைநிலைச் சம்பளத்தைப்போல 500 மடங்குக்கும் மேல். விமர்சனம் கிளம்பியதும், தேச நிர்மாணத்தின் ஆர்வத்தில் சொன்னது என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது.

தேச நிர்மாணம்தானே, கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். நம் பட்டுப் பிரிவுப் பெண் காலை ஒன்பது மணிக்கு மாடி ஏறி ராத்திரி பத்து மணிக்கு இறங்குகிறாள். தீபாவளி சீசனில் வார விடுமுறை கிடையாது. நாளுக்கு 13 மணி. ஏழால் பெருக்கினால் 91. சுப்ரமணியன் கேட்டதைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகவே தேசத்தை நிர்மாணித்திருக்கிறாள். அதுவும் நின்றுகொண்டு. அவளுக்கு ஒரு பத்மஸ்ரீ வேண்டாம். ராத்திரி வாசலில் இன்னொரு பெண்ணை விட்டு உடம்பைத் தடவிச் சோதிக்காமல் வெளியே அனுப்பினால் போதும். ஆயுத பூஜையன்று முதலாளி பொரி கடலை கொடுத்து “நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்பார். எந்தக் குடும்பத்தில் அப்பன், மகள் எதையாவது ஒளித்துக்கொண்டு போகிறாளா என்று தினம் ராத்திரி தடவிப் பார்க்கிறான்?

அரசாங்கமும் இந்த விஷயத்தில் நாள் நட்சத்திரம் பார்த்துத்தான் செயல்படுகிறது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தைக் கூட்டினார். அதற்கு நூறு வருஷம் நிறைய இன்னும் பத்தே நாள் இருக்கும்போது, 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நூற்றாண்டு விழாவுக்கு இதைவிடப் பொருத்தமான மலர் வளையம் கிடைக்காது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் நிறுத்திவைப்பு. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதல்வரே வாபஸ் அறிவித்தார். கைதட்டல். தானே வைத்த முள்ளைத் தானே எடுத்ததற்குக் கைதட்டல் வாங்குவதும் ஒரு நிர்வாகத் திறமைதான்.

நின்றுகொண்டே இருந்தவர்கள் ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2024 செப்டம்பர் 9 முதல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஆலைக்கு அருகே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். 37 நாள். சம்பளக் கோரிக்கையோடு அவர்கள் கேட்டது, சங்கத்தைப் பதிவு செய்து கொடுங்கள் என்பது. சங்கத்தின் பேரில் எங்கள் கம்பெனிப் பேர் வரக் கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. தினமும் காலையில் அந்தப் பேரைச் சட்டையில் மாட்டிக்கொண்டு உள்ளே போகலாம். அந்தப் பேர் போட்ட வாஷிங் மெஷினைப் பூட்டி முடுக்கி அனுப்பலாம். சேர்ந்து பேசும்போது மட்டும் அந்தப் பேர் வாயில் வரக் கூடாது. பந்தலைப் போலீஸ் பிடுங்கியது. தொழிலாளர்களைக் கைது செய்தது. கடைசியில் சங்கம் 2025 ஜனவரியில்தான் பதிவானது. நாட்டில் தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926-ல்.

இத்தனைக்கும் பிறகு முதலாளிமார்களுக்கு ஒரு தீராத மனக்குறை உண்டு: “ஆளே கிடைக்கலை சார்.” எந்தத் தொழிலதிபர் கூட்டத்துக்குப் போனாலும் இந்த ஒப்பாரிதான். ரேஷனில் அரிசியைச் சும்மா கொடுத்தார்கள், நூறு நாள் வேலை கொடுத்தார்கள், பெண்களுக்குப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்றார்கள், ஜனங்கள் சோம்பேறியாகிவிட்டார்கள். அதாவது, பட்டினி இருந்தவரைக்கும் இவர்களுடைய மனிதவளத் துறை பிரமாதமாக வேலை செய்தது. வீட்டில் நாலு நாளைக்குச் சோறு உத்தரவாதம் என்றதும் அந்தப் பெண், ‘போய்யா, உன் வேலையும் நீயும்’ என்று பெட்டியைத் தூக்கிவிட்டாள். அவள் இடத்துக்கு இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஆள் இறங்குகிறது. தமிழ் தெரியாது என்பது கூடுதல் வசதி. எதிர்த்துப் பேசினாலும் புரியாது.

ஆள் ஏன் ஓடுகிறது என்று ஆராய நட்சத்திர ஓட்டலில் கருத்தரங்கு போடுகிறார்களே, அடுத்த கருத்தரங்குக்கு என்னிடம் ஒரு திட்டம் இருக்கிறது. பணம் வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு எல்லாரும் அரங்குக்கு வந்துவிட வேண்டும். ஐந்து நிமிஷம் தாமதத்துக்கு ஐம்பது ரூபாய் பிடித்தம். நாற்காலிகள் இருக்கும், அவற்றின் மேல் பிளவுஸ் பிட் கட்டுகள் இருக்கும். செல்போனை வாசலில் ஒப்படைக்க வேண்டும். கழிவறை எட்டாவது மாடியில், படிக்கட்டு வழியாக. சூப்பர்வைசர் வேலைக்கு, முழங்காலுக்குக் கீழே நரம்பு புடைத்து வேலையை விட்டுப்போன நாலைந்து பழைய ஊழியப் பெண்களைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அவர்களுக்கு மட்டும் குஷன் ஸ்டூல். முதல் அமர்வு: ‘ஊழியர்களைத் தக்கவைப்பது எப்படி?’ முகத்தில் சிரிப்போடு கேட்க வேண்டும். தூணில் சாய்கிறவர்களிடம் அந்தப் பெண்கள் வந்து, “என்ன சார், வீட்டு ஞாபகமா?” என்று விசாரிப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் நழுவுகிறவர்கள் பேரைப் பதிவேட்டில் குறித்து, அரை நாள் சம்பளத்தை வெட்டிவிட வேண்டும். 51 கோடியில் அரை நாள் எவ்வளவு என்று அந்தப் பெண்களே பில் போட்டுச் சொல்வார்கள். கால்குலேட்டர் இல்லாமல்.